மாலை போட்டால் முடிகிறது, கழற்றினால் முடியவில்லையே?

கேள்வி: டாக்டர் சாருக்கு வணக்கம். எனக்கு 44 வயது. குடியாத்தம் பக்கம் கிராமம். குடியாத்தம் – வேலூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறேன். 20 வருடமாகப் பீடி. ஒரு நாளைக்கு ஒரு கட்டு, 25 பீடி. சில நாள் கூடவும் ஆகும். காலையில் ஒன்று பிடித்தால்தான் வெளிக்கே வரும். வண்டி ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை. வேலூரில் கிரீன் சர்க்கிள் வந்துவிட்டால் நாக்கு ஊற ஆரம்பித்துவிடும், ஸ்டாண்டில் இறங்கியதும் முதல் வேலை அதுதான். வீட்டிலோ என் மனைவி பீடி சுற்றுகிறாள். கம்பெனிக்குப் போகாமல் கழித்துப் போடும் பீடிதான் என் பங்கு. அவளை வேலையை விடச் சொல்ல முடியாது, அந்தக் காசில்தான் பெண்ணின் படிப்பு ஓடுகிறது.

மூன்று முறை விட்டுப் பார்த்தேன், நான்காவது நாள் தாண்டவில்லை. ஆனால் போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டேன். 48 நாள் ஒரு பீடி தொடவில்லை. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பழைய கதை. சாமி பயம் இருந்தால்தான் எனக்கு முடியுமா? மனஉறுதி இல்லாத ஆளா நான்? பீடி கேட்கும் அந்த நேரத்தை எப்படிக் கடப்பது? அடியோடு விட முடியாவிட்டால் நாளைக்கு இரண்டு, மூன்று என்று குறைத்துக்கொண்டால் போதாதா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் நான்கைந்து முறை படித்தேன். கிரீன் சர்க்கிள் வந்தால் நாக்கு ஊறுகிறது என்கிற வரி. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பாதி பதிலை நீங்களே அதில் எழுதிவிட்டீர்கள்.

குடியாத்தத்தில் ஏறி, பள்ளிகொண்டா கூட்டத்தை அடைத்து, சில்லறைச் சண்டை போட்டு, வேலூர் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க உங்கள் இரத்தத்தில் நிகோடின் குறைந்துகொண்டேதான் வருகிறது. ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும் பொருள் அது. உடம்புதான் கேட்கிறது என்றால், கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளிகொண்டாவிலிருந்தே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஓடுகிற பஸ்ஸில், கையில் டிக்கெட்டும் வாயில் விசிலுமாக இருக்கும்போது பீடிக்கு வழியே இல்லை என்று மூளைக்குத் தெரியும். அதனால் பேசாமல் இருக்கிறது. கிரீன் சர்க்கிள் வந்ததும் 'இன்னும் ஐந்து நிமிடம்தான்' என்று கணக்குப் போடுகிறது. அப்போதுதான் நாக்கு ஊறுகிறது.

இது என் ஊகம் அல்ல. 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. இஸ்ரேலில் புகைபிடிக்கும் விமானப் பணியாளர்களிடம் நடத்தினார்கள். ஒரே ஆட்கள், ஒருமுறை 3 முதல் ஐந்தரை மணி நேரம் போகும் விமானத்தில், இன்னொரு முறை 8 முதல் 13 மணி நேரம் போகும் விமானத்தில். பறக்கும்போது எவ்வளவு தவிக்கிறது என்று இடையிடையே குறிக்கச் சொன்னார்கள். கடைசியாகப் பிடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைவிட, இறங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தவிப்பு ஏறியது. சின்னப் பயணம் முடியும் நேரத்தில் இருந்த தவிப்பு, நீண்ட பயணத்தின் அதே மணிக்கணக்கில் இல்லை. அவர்களுக்கு விமான நிலையம், உங்களுக்குக் கிரீன் சர்க்கிள்.

மேல்விஷாரம், பேரணாம்பட்டுப் பக்கமிருந்து என்னிடம் வருகிற பாய்மார்களும் இதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். ரமலான் மாதத்தில் விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் முடித்தால் அப்புறம் சூரியன் சாயும் வரை ஒன்றும் கிடையாது. பகல் 2 மணிக்குக்கூட அவ்வளவாகத் தோன்றாது, நோன்பு திறக்கும் நேரம் நெருங்க நெருங்கத்தான் சட்டைப் பைக்குக் கை போகும் என்பார்கள்.

இப்போது உங்கள் 48 நாளுக்கு வருகிறேன். சாமி பயம்தான் காத்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் பக்தியைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆனால் அந்த 48 நாள் வேறு என்னென்ன நடந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விடியற்காலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்தீர்கள். கண் விழித்ததும் பீடி என்கிற வரிசையே மாறிவிட்டது. டிரைவர் உங்களைச் 'சாமி' என்றுதான் கூப்பிட்டார், பீடியை நீட்டவில்லை. டீக்கடையில் உங்களைப் பார்த்ததும் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தவர் தள்ளிப் போய் நின்றிருப்பார். சாவு வீட்டுக்குப் போகவில்லை, தட்டில் வெற்றிலையோடு வைக்கிற பீடிக்கட்டை நீங்கள் பார்க்கவே இல்லை. மது கிடையாது. மனைவி முறத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன், இல்லையா? எல்லாவற்றுக்கும் மேலே, 'ஒன்றே ஒன்று பிடிக்கலாமா' என்று உங்களுக்குள் பேரமே நடக்கவில்லை. கழுத்தில் மாலை இருக்கிறது, பேச்சு முடிந்தது.

மாலையைக் கழற்றியதும் அந்தப் பேரம் திரும்பத் தொடங்கியது. அவ்வளவுதான் நடந்தது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உடம்பின் தவிப்பு முதல் 2, 3 நாளில் உச்சத்துக்குப் போய், 3, 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்கள் 48 நாள் கடந்தவர். கஷ்டமான மலையை ஏறி இறங்கி, அடிவாரத்தில் வந்து தடுக்கி விழுந்திருக்கிறீர்கள். மனஉறுதி இல்லாதவர் என்று இனி எங்கேயும் எழுதாதீர்கள். எனக்கு அந்த வார்த்தையே பிடிப்பதில்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில் இரவு டூட்டி முடிந்து நானும் சிகரெட் பிடித்தவன்தான். புகையிலையின் கெடுதியை மனப்பாடமாக ஒப்பிப்பேன், ஒப்பித்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்ப் பற்றவைப்பேன். விட்டது எப்போது என்றால், அந்தப் பெட்டிக்கடை இருக்கும் வாசலை விட்டுவிட்டுப் பின்வாசலால் போக ஆரம்பித்த பிறகு.

ஆக, மறுபடியும் மாலை போடுங்கள் என்று சொல்லப் போவதில்லை. மாலை செய்த வேலையை மாலை இல்லாமல் செய்ய வேண்டும்.

ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். இன்றிலிருந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். பொதுவாக லீவு நாளில் ஆரம்பிக்கச் சொல்வார்கள். உங்களுக்கு மட்டும் நான் மாற்றிச் சொல்கிறேன், டூட்டி நாளில் ஆரம்பியுங்கள். உங்களுக்கு வீடுதான் ஆபத்தான இடம், பஸ் பாதுகாப்பான இடம். அந்த நாளுக்கு முன்பே டிரைவரிடமும், ஸ்டாண்டில் டீக்கடைக்காரரிடமும், கூடவே இறங்கிப் பிடிக்கிற மற்ற கண்டக்டர்களிடமும் சொல்லிவிடுங்கள். கூச்சமாக இருந்தால் 'டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு, நெஞ்சுல பிரச்சனை' என்று என்மேல் போடுங்கள். மாலை போட்டபோது யாரும் காரணம் கேட்கவில்லை. இப்போது கேட்பார்கள், அதனால் ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும்.

ஸ்டாண்டில் இறங்குகிற அந்தப் பத்து நிமிடம். அதைத்தான் முதலில் ஒழுங்கு செய்ய வேண்டும். பீடி வேண்டும் என்ற தவிப்பு ஒருமுறை எழுந்தால் பெரும்பாலும் 5 நிமிடம், அதிகம் போனால் 10 நிமிடம். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது இறங்கிவிடும். இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். கையில் கடிகாரம் இருக்கிறது, ஒருமுறை அளந்து பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் இறங்கும் கதவு எது? முன்கதவில் இறங்கினால் டீக்கடை என்றால், பின்கதவில் இறங்கி ஸ்டாண்டை ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். கலெக்‌ஷன் எண்ணுவதையும் டிரிப் ஷீட் எழுதுவதையும் பீடி பிடித்த பிறகு செய்கிற பழக்கம் இருந்தால், அதை முன்னால் கொண்டுவாருங்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று பிரித்து எண்ணி முடிப்பதற்குள் கைக்கும் வேலை இருக்கும், நேரமும் போயிருக்கும். தவிக்கும் கை சும்மா இருக்காது. அதற்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும்.

பிறகு மூச்சு. பீடி பிடிக்கும்போது நீங்கள் செய்வது என்ன? கூட்டத்திலிருந்து தள்ளி வந்து, நிதானமாக, ஆழமாக இழுத்து, மெதுவாக விடுகிறீர்கள். நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும் மனிதருக்கு அந்த நான்கு மூச்சுதான் ஓய்வு. ஓய்வில் பாதி புகையால் வந்ததே இல்லை. அதே மாதிரி தள்ளி நின்று, பீடி இல்லாமல், பத்து முறை இழுத்து விடுங்கள். முதல் நாள் கேலிக்கூத்தாகத் தோன்றும். தோன்றட்டும்.

வாய்க்கு என்ன போடுவது? கிராம்பு, ஏலக்காய், கொஞ்சம் ஓமம், உப்பில் காய்ந்த நெல்லிக்காய், எதுவானாலும் சரி. பாக்கு வேண்டாம். பாக்கு மட்டும் தனியாக மென்றாலும் வாய்ப் புற்றுநோய் வரலாம். ஹான்ஸ், கூல் லிப் மாதிரி உதட்டுக்கடியில் அடக்குகிற புகையிலைச் சமாச்சாரங்களுக்கு மாறிவிட்டு 'பீடியை விட்டுட்டேன் சார்' என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. வாசலை மூடிவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே விட்ட கதைதான்.

டீ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. பீடிப் புகையில் இருக்கும் சில பொருள்கள், டீ காபியில் உள்ள கஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கரைத்து வெளியேற்றும்படி செய்துவிடும். பீடியை நிறுத்தியதும் அந்த வேகம் குறைகிறது. முன்பு குடித்த அதே அளவு டீயைத் தொடர்ந்து குடித்தால் இரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு நிற்கும். படபடப்பு, கைநடுக்கம், இரவில் தூக்கம் வராமை எல்லாம் வரும். 'பீடியை விட்டதால் வந்தது' என்று நினைத்து மறுபடி பற்றவைப்பீர்கள். அந்த நாளிலிருந்து டீயைப் பாதியாக்குங்கள். டீயும் பீடியும் ஜோடி என்பதால் அதுவும் ஒரு லாபம். வேலூர் வெயிலுக்கு மோரோ, வீட்டிலிருந்து பாட்டிலில் கரைத்துக் கொண்டுவரும் கேழ்வரகுக் கூழோ குறைச்சலா என்ன? கூழுக்கு வயிறும் நிறையும், பசியில் வருகிற தவிப்பும் அடங்கும். பசித்தால் பீடி ஞாபகம் இரண்டு பங்காக வரும், மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதே காரணத்தால், மூச்சிரைப்புக்குத் தியோபிலின் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்களும், மனநலத்துக்குச் சில மருந்துகள் எடுப்பவர்களும், வேறு காரணத்தால் இன்சுலின் போடுபவர்களும் பீடியை நிறுத்தும்போது மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அளவை மாற்ற வேண்டி வரலாம். நீங்கள் மருந்து எதுவும் எழுதவில்லை. இருந்தாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

காலையில் வெளிக்குப் போகிற பிரச்சினை. இதைக் கூச்சப்படாமல் எழுதியதற்கு நன்றி. என்னிடம் வரும் ஆண்களில் பலர் பீடியை விடாததற்கு உள்ளே இருக்கும் காரணம் இதுதான், ஆனால் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். நிகோடின் குடலை முடுக்கிவிடும் என்பது உண்மை. நிறுத்தியதும் சில வாரம் மலச்சிக்கல் வரும் என்பதும் உண்மை. ஆனால் குடல் பீடி வருவதற்கு முன்பும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், பத்து நிமிடம் நடை. வயிற்றுக்குள் ஏதாவது போனால் குடல் தானாக அசையும். பிறகு போய் உட்காருங்கள், வராவிட்டால் எழுந்துவிடுங்கள், முக்க வேண்டாம். இரவில் பப்பாளி அல்லது கொய்யா, மதியம் ஒரு கீரை. அப்படியும் சிரமமானால் இசப்கோல் உமி ஒரு ஸ்பூனைத் தண்ணீரில் கலந்து இரவில் குடியுங்கள், கூட நிறையத் தண்ணீர் வேண்டும். 48 நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? அந்தக் குளிர்ந்த விடியற்காலைக் குளியலையும் திரும்ப ஆரம்பித்துவிடுங்கள். அதற்கு விரதம் வேண்டியதில்லை.

அப்புறம் வீடு. இது கஷ்டமான பகுதி, இதற்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் எத்தனை வீட்டில் பெண்களின் மடியில் முறம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பீடி சுற்றும் இலை மத்தியப் பிரதேசம், ஒடிசா, சத்தீஸ்கர் காடுகளிலிருந்து வருகிறது, அந்தக் காசில் நம் ஊரில் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். வேலையை விடச் சொல்ல முடியாது என்று நீங்கள் எழுதியது நியாயம்தான். ஆனால் உங்களுக்கு முன்னால் சுற்றாமல் இருக்க முடியுமா என்று கேட்கலாம். நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் திண்ணையிலோ பக்கத்து வீட்டிலோ உட்கார்ந்து சுற்றட்டும். புகையிலைத் தூள் மூடி போட்ட டப்பாவில் இருக்கட்டும். சுற்றி முடித்தவை அன்றன்றைக்குக் கட்டுக் கட்டி எண்ணிவிடட்டும். கழித்த பீடி வீட்டில் தங்கவே கூடாது, அன்றைக்கே பிரித்துக் கொட்டிவிட வேண்டும். அதுதான் உங்கள் வாசலில் திறந்து கிடக்கும் கதவு. காசு கொடுத்து வாங்கினாலாவது கடை வரை நடக்கிற நேரத்தில் மனம் மாறலாம். உங்கள் பீடி முறத்திலிருந்து நேராக வாய்க்குப் போகிறது. பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை அடைத்துப் போட்டிருக்கும் எச்சரிக்கைப் படம்கூட உங்கள் கண்ணில் படுவதில்லை.

இந்த ஏற்பாட்டை உத்தரவாகச் சொல்லாதீர்கள். இந்தக் கடிதத்தை அவர்களிடம் படிக்கக் கொடுங்கள். சுற்றுகிறவர்களுக்கும் அந்தத் தூள் நல்லதில்லை. தோல் வழியாக நிகோடின் உள்ளே போகும், தூசியால் இருமல் வரும். காற்றோட்டமான இடத்தில் உட்காருவதும், சுற்றி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு அடுப்படிக்குப் போவதும் அவர்களுக்கும் வேண்டியதுதான்.

மருந்து உதவி. 25 பீடி பிடிப்பவர், அதிலும் விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடி வேண்டும் என்பவருக்கு, மருந்தில்லாமல் போராடுங்கள் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை இரண்டும் கிடைக்கின்றன. இவை விடுவதற்கான வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கும். பட்டையும் கம்மும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்லது. 'நிகோடினை விடுவதற்கு நிகோடினா' என்று கேட்பீர்கள். உங்களைக் கொல்வது புகையிலுள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்ற விஷங்களும்தான். பிடித்து வைத்திருப்பது நிகோடின். பிடியை மெல்லத் தளர்த்துகிறோம், வழக்கமாக 12 வாரத்தில்.

கம்மை எல்லோரும் தப்பாகத்தான் மெல்கிறார்கள். பபிள்கம் மாதிரி மென்று சாற்றை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மென்று, சுள்ளென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவையுங்கள். காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படி. போடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பிருந்து டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் எதுவும் கூடாது, குடித்தால் நிகோடின் ஏறாது. விசில் ஊதும்போது கம் வெளியே வந்து விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் திறமை. கிரீன் சர்க்கிளில் போடாதீர்கள், அது வேலை செய்யவே நேரம் ஆகும். பள்ளிகொண்டா தாண்டியதும் போட்டுவிடுங்கள். உங்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். புப்ரோபியான், வரனிக்ளின் என்று மாத்திரைகளும் உண்டு. வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது, அதனால் கேட்காமல் வாங்காதீர்கள். குடியாத்தம் அரசு மருத்துவமனையிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ போய்ப் 'பீடியை விட வேண்டும்' என்று நேராகச் சொல்லுங்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

போகும்போது இருமல் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். பீடிக்காரர்கள் இருமலைக் கூடப்பிறந்ததாக நினைத்து விட்டுவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும், அரசு மருத்துவமனையில் அது இலவசம். வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் அதையும் காட்டுங்கள். இன்னொன்று, நிறுத்திய முதல் சில வாரம் சளி அதிகமாக வரலாம். மூச்சுக்குழாயைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் மெல்லிய இழைகள் திரும்ப வேலைக்கு வருகின்றன என்று அர்த்தம்.

ஒரு மாதம் போன பிறகு தவிப்பு அடிக்கடி வராது. ஆனால் எதிர்பாராத இடத்தில் வரும். மூன்று மாதம் சுத்தமாக இருந்துவிட்டுச் சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது யாரோ நீட்டுவார்கள், துக்கத்தில் கை தானாகப் போகும். குடிக்கிற பழக்கம் இருந்தால் முதல் மூன்று மாதம் அதையும் தள்ளிவையுங்கள், நான் பார்த்தவரை பாதிப் பேர் கவிழ்வது அங்கேதான். அப்படி ஒருமுறை பிடித்துவிட்டால், 'போச்சு, இனிமேல் என்ன' என்று ஒரு கட்டு வாங்கிவிடாதீர்கள். மாலை கழற்றிய அன்று நீங்கள் செய்தது அதுதான். ஒரு பீடி ஒரு பீடிதான். எங்கே, யாரோடு, என்ன நேரத்தில் நடந்தது என்று பார்த்து அந்த வழியை அடைத்துவிட்டு, அன்று இரவே பழையபடி தொடருங்கள்.

கடைசியாக, இரண்டு மூன்றாகக் குறைத்தால் போதாதா என்று கேட்டீர்கள். இதயத்தைப் பொறுத்தவரை போதாது. தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு வருகிற இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. பீடி சின்னதாக இருக்கிறதே, இலைதானே என்று நினைக்காதீர்கள். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் அதில் புகை குறைவதில்லை. அதைவிட, உங்கள் விஷயத்தில் இரண்டு மூன்று என்றால் எந்த இரண்டு, எந்த மூன்று என்ற பேரம் காலையிலிருந்து இரவு வரை ஓடும். ஒவ்வொரு டிரிப்பிலும் கிரீன் சர்க்கிளில் 'இது அந்த மூன்றில் ஒன்றா' என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். 48 நாள் அந்தக் கேள்வியே இல்லாமல் இருந்து பார்த்தவர் நீங்கள். எது சுலபமாக இருந்தது?

நாள் குறித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு வரி. கிரீன் சர்க்கிளில் எத்தனை நிமிடம் தவித்தது என்று கடிகாரம் பார்த்து எழுதினால் போதும்.